பாடமாக்கிப் பார்த்த கண்

கண்ணாடிக் கடையில இருபத்திரெண்டு வருஷம் நிண்டவளுக்குக் கண்ணில வருத்தம் வந்தால் அவள்தானே எல்லாருக்கும் முதல் கண்டுபிடிப்பாள் எண்டு நினைப்பீங்கள். ஓம், நான்தான் முதல் கண்டுபிடிச்சனான். கண்டுபிடிச்சு ரெண்டு மாசத்துக்குமேல ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒளிச்சு வைச்சதும் நான்தான். வருத்தம் செய்த கெடுதலில பாதியை அந்த ஒளிப்புத்தான் செய்தது. அதாலதான் இதை எழுதுறன். என்னை மாதிரி விசர் வேலை பார்க்கிற ஆக்கள் இன்னும் எங்கையாவது இருப்பினம்.

எங்கட கடை திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கு. சின்னக் கடை. கண்ணாடி வாங்க வாற ஆக்களை இருபது அடி தள்ளி ஒரு கதிரையில இருத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில இருக்கிற எழுத்துப் பலகையை வாசிக்க வைக்கிறது என்ர வேலை. பலகை எண்டு சொல்லுறது, உள்ளுக்குள்ள லைட் எரியிற ஒரு பெட்டி. அதின்ர முகப்பில ஏழு வரி தமிழ் எழுத்து. மேல ஒரு பெரிய 'ப'. கீழ போகப் போக எழுத்துச் சிறுத்து, கடைசி வரியில எட்டு எழுத்து: ய, ட, ல, ம, ங, ப, ர, க. நாளுக்குப் பத்துப் பதினைஞ்சு பேர் அதை எனக்கு முன்னால வாசிப்பினம். இருபத்திரெண்டு வருஷம்! நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்லுவன். "வசந்திக்குத் தேவாரம் மறந்தாலும் பலகை மறவாது" எண்டு முதலாளி ஆக்களுக்கு முன்னால பகிடி பண்ணுறவர்.

வருத்தம் தொடங்கினது ஒரு திருகாணியில. கண்ணாடிக் காலைப் பூட்டுற, சீனிக் கல் அளவுத் திருகாணி. வெள்ளைக் கடதாசியில வைச்சிட்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு இடதால பார்த்தன். காணேல்லை. பக்கத்தில பார்த்தன், அங்க கிடந்தது. திரும்ப நேர பார்த்தன், காணேல்லை. நாலஞ்சு தரம் இப்பிடி. விழுந்த திருகாணியைத் தேடுற ஆள் மாதிரி இருந்தன், ஆனால் திருகாணி விழவே இல்லை.

அண்டைக்குக் கடை பூட்டினாப் பிறகு, முதலாளி கணக்கு அறைக்குள்ள இருக்கேக்க, நான் அந்தக் கதிரையில போய் இருந்தன். வலது கண்ணைப் பொத்தினன். பலகையின்ர நடுவில சாம்பல் நிறத்தில ஒரு அழுக்கு. கண்ணை அங்கால திருப்பினால் அதுவும் அங்கால வந்துது. சீவன் போயிட்டுது. அப்ப என்ர வாய் என்ன செய்தது எண்டால், பலகையை மேலயிருந்து கீழ வரைக்கும் மளமளவெண்டு வாசிச்சு முடிச்சுது. ஒரு எழுத்துப் பிழைக்கேல்லை. வாய் வாசிச்சதைக் காது கேட்டுது, காது கேட்டதை மனம் நம்பிச்சுது. "பாத்தியே, ஒண்டுமில்லை, களைப்பு" எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழும்பினன்.

ஆனாலும் மனம் கேக்கேல்லை. அடுத்த கிழமை ஆசுபத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனனான். நம்பர் துண்டு எடுத்து, நீள வாங்கில இடிபட்டு இருந்து, முறை வரேக்க பதினொரு மணி. உள்ளுக்குப் போனால் சுவரில எங்கட கடைப் பலகை! அதே அச்சு, அதே 'ப'. அங்க நிண்ட தாதி மிஸி இடது கண்ணை வாசிக்கச் சொன்னா. நான் வாசிச்சன். ஏழு வரியும்.

ஏன் அப்பிடிச் செய்தனீ எண்டு பேந்து எத்தினை பேர் கேட்டினம். பயம். வேற என்ன? தெரியேல்லை எண்டு நான் சொன்னால் அந்த மிஸி அதைக் கொப்பியில எழுதுவா. எழுதினால் அது உண்மையாகிப் போயிடும். எழுதாமல் விட்டால் அது களைப்பாவே இருக்கும். நாப்பத்தாறு வயசுப் பொம்பிளைக்கு இவ்வளவுதான் புத்தி. பார்வை முழுசா இருக்கு எண்டு கொப்பியில விழுந்தது. கண் காயுறதுக்கு ஒரு துளி மருந்தைத் தந்து, மூண்டு மாசத்தால வாங்கோ எண்டு விட்டினம். அவையளில ஒரு பிழையும் இல்லை.

நான் வீட்டை வந்து சந்தோசமாச் சமைச்சன்.

என்ர மனுசனுக்குத் துறைமுகத்தில இழுவைப் படகில வேலை. பெரிய கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில அணைக்கிற படகு. லிங்கநகரில எங்கட வீடு. ஒரே மகள், படிக்கப் பேராதனைக்குப் போயிட்டாள். வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான். அவர் பிளேன்டீயை என்ர இடது பக்கத்தால நீட்டினால் நான் கையைக் காத்தில வைச்சுத் தடவுவன். "என்ன, மீன் பிடிக்கிறீரோ?" எண்டு சிரிப்பார். நானும் சிரிப்பன்.

ரெண்டு மாசம் போனாப் பிறகு ஒருநாள் காலமை, பல்லு மினுக்கேக்க, வலது கண்ணின்ர ஓரத்தில புள்ளி புள்ளியா மின்னிச்சுது. இருந்த நல்ல கண். துவாயைப் பிடிச்சுக்கொண்டு குசினி நிலத்தில அப்பிடியே இருந்திட்டன். அவர் வந்து "என்னப்பா?" எண்டு கேட்க, "தலைச் சுத்து" எண்டன். அப்பவும் பொய்! அவர் வேலைக்கு வெளிக்கிட்ட கையோட நான் ஓட்டோ பிடிச்சுக் கிளினிக்குக்குப் போனனான்.

அண்டைக்குப் பார்வை பார்க்க இருந்தது ஃபஸீலா எண்டு கிண்ணியாவில இருந்து வாற ஒரு மிஸி. வலது கண் முடிஞ்சு, இடது கண்ணுக்கு வந்தம். நான் பழைய மாதிரித் தொடங்கி, நாலாவது வரியில ஓடிக்கொண்டிருக்கேக்க அவ சொன்னா, "அக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"ஏன் பிள்ளை?"

"நான் முகப்பை மாத்திப்போட்டன் அக்கா. இப்ப அதில தமிழ் எழுத்தே இல்ல. படிக்கத் தெரியாத ஆக்களுக்குக் காட்டுற கவர்ப்படம்தான் இருக்கு."

கை வழுகி வலது கண் திறந்திட்டுது. உண்மைதான். இங்கிலீஸ் 'E' மாதிரி, மேலயும் கீழயும் பக்கத்திலயும் பார்க்கிற மூண்டு விரல் கவர்கள், வரி வரியா. 

"போன தடவையும் இப்பிடித்தான் வாசிச்சீங்களா?" எண்டு கேட்டா. ஏசேல்லை. மெதுவாத்தான் கேட்டா. நான் அந்தச் சனத்துக்கு முன்னால விம்மி விம்மி அழுதன். ஃபஸீலா கதவைச் சாத்திப்போட்டு, தன்ர தண்ணிப் போத்திலைத் திறந்து தந்தா. பேந்து என்ர கொப்பியோட டொக்டரின்ர அறைக்கு ஓடினா.

கண் டொக்டர் சிங்களப் பொம்பிளை. இஞ்ச வந்து நாலு வருஷத்தில தமிழ் பழகினவ. சொல்லைத் தேடித் தேடிக் கதைப்பா. அதால ஒண்டையும் சுத்தி வளைக்க மாட்டா. கண்மணி விரியிற மருந்தை ஊத்தி, நெத்தியில லைட்டைக் கட்டிக்கொண்டு, என்ர கண்ணுக்குள்ள கனநேரம் பார்த்தா.

கண்ணுக்குப் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினா. செம்மஞ்சளா ஒரு வட்டம். அதில மஞ்சள் நிறத்தில ஒரு கறை, வளைஞ்சு வளைஞ்சு ஊர்ந்து போன மாதிரி. 

"இது இடது கண். நடு இடம் இதுதான். நேர பார்க்கிறது, வாசிக்கிறது எல்லாம் இந்த நடுவால. கறை நடுவில வந்திட்டுது. அதனால இந்தக் கண்ணில நீங்க சொன்ன திருகாணி தெரியாது." 

அடுத்த படத்தை எடுத்தா. 

"இது வலது கண். கறை இங்க ஓரத்தில. நடுவுக்கு இன்னும் வரேல்ல." பேனையால ஒரு சின்ன இடைவெளியைக் காட்டினா. "இந்த இடம் மட்டும்தான் மிச்சம். இதைக் காப்பாத்தணும்." 

அரிசி மணியளவு இடைவெளி. அண்டையில இருந்து என்ர உலகமே அந்த இடைவெளிதான். அது போனால் நான் கண்ணாடிக் கடைத் திருகாணியை மட்டுமில்லை, என்ர மகளின்ர முகத்தையும் நேர பார்க்க ஏலாது.

"என்ன வருத்தம் டொக்டர்?"

"ரீபியா இருக்கலாம்."

ரீபி எண்டால் கசம். இருமிக் காய்ஞ்சு போற வருத்தம் எண்டுதான் எனக்குத் தெரியும். எனக்கு ஒருநாளும் அப்பிடி இருமல் வந்ததில்லை. கண்ணில எப்பிடிக் கசம் வரும்? "ஆரிட்டை இருந்து தொத்தினது?" எண்டு கேட்டன். "தெரியாது. இருபது வருஷம் முந்தி பஸ்ஸில பக்கத்தில இருந்த ஆளா இருக்கலாம். கிருமி உடம்புக்குள்ள நித்திரையா இருக்கும்" எண்டா.

அண்டைக்குப் பின்னேரம்தான் என்ர மனுசனுக்கு எல்லாத்தையும் சொன்னனான். திருகாணி, பலகை, பொய், எல்லாம். ஏசுவார் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன். அவர் என்ர பிளேன்டீக் கோப்பையை எடுத்து, மிச்சம் இருந்ததை ஒரே இழுவையில குடிச்சார். "தொத்துறதெண்டால் எனக்கும் தொத்தட்டும்" எண்டார். நெஞ்சில கிருமி இல்லாட்டில் கண்ணில இருந்து ஒருத்தருக்கும் தொத்தாது எண்டு டொக்டர் சொன்னதை நான் பிறகுதான் அவருக்குச் சொன்னனான்.

பேந்து சோதனைகள் தொடங்கிச்சுது. இதிலதான் எனக்குப் பயம் கூடினது. எனக்குத் தெரிஞ்ச உலகத்தில சோதனை எண்டால் விடை வரும். பவர் இவ்வளவு எண்டு வந்தால் கண்ணாடி இவ்வளவு. இஞ்ச அப்பிடி இல்லை. கையில தோலுக்குக் கீழ ஊசி போட்டு, மூண்டாம் நாள் வீக்கத்தை அளந்தினம். தடிச்சு வீங்கியிருந்தது. அது கிருமி எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்கு எண்டு மட்டும்தான் சொல்லுமாம், கண்ணில இருக்கோ இல்லையோ எண்டு சொல்லாதாம். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினம். அதுவும் அதே கதையைத்தான் கொஞ்சம் திடமாச் சொல்லிச்சுது. நெஞ்சுப் படம் துப்பரவா இருந்தது. ஒரு நாள் டொக்டர், "சிபிலிஸ் எண்ட மேக நோய்க்கும் பார்ப்பம், அதுவும் கண்ணில இப்பிடி வரும்" எண்டா. என்ர மனுசன் மேல சுத்துற காத்தாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியில வந்து, "சத்தியமா என்னால இல்லையப்பா" எண்டு மெதுவாச் சொன்னார். அந்த மாசத்தில நான் சிரிச்சது அந்த ஒருக்காத்தான்.

"கண்ணுக்குள்ள ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்க ஏலாதோ?" எண்டு கேட்டன்.

"நெஞ்சில எடுக்கலாம். கண்ணுக்குப் பின்னால எடுத்தா, பார்வை எடுத்த மாதிரி. கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியில ஒரு துளி எடுத்துக் கிருமியைத் தேடலாம். ஆனா கனபேருக்கு நோய் இருந்தும் அதில கிருமி அகப்படாது."

நிண்டு நிண்டு கேட்டதால இந்த வருத்தத்தின்ர சரித்திரம் முழுக்க அவ எனக்குச் சொன்னா, ஒரு கிளினிக்கில கொஞ்சம், அடுத்த கிளினிக்கில கொஞ்சமா. கண்ணுக்குள்ள பார்க்கிற கருவி வந்த பழைய காலத்திலேயே, கசம் முத்தின ஆக்களின்ர கண்ணுக்குப் பின்னால சின்னச் சின்னக் கட்டிகளை டொக்டர்மார் கண்டவையாம். கிருமி எண்டு ஒண்டு இருக்கெண்டு அறிய முதலே கண்டவை. கிருமியைக் கண்டுபிடிச்ச பிறகு மற்றப் பக்கத்துக்குப் போயிட்டினம். காரணம் தெரியாத எல்லாக் கண் வீக்கத்துக்கும் கசம்தான் எண்டு பழி போட்டினம். பேந்து வேற வேற காரணங்கள் தெரிய வந்து, பெரிய நாடுகளில கசமும் குறைய, கண்ணில கசம் எண்டது எப்பவாவது அருமையா வாறது எண்டு விட்டினம். எனக்கு வந்த மாதிரி ஊருற கறையை, காரணம் தெரியாத தனி நோய் எண்டு பேர் வைச்சு, வீக்கம் குறைக்கிற ஸ்டீரொயிட் மட்டும் குடுத்தினமாம். குறையும், பேந்து வரும், வரேக்க இன்னும் கொஞ்சம் திண்டிட்டுப் போகும்.

"அப்ப ஆர் கண்டுபிடிச்சது?"

"கசம் கூட இருக்கிற நாடுகளில வேலை செய்த டொக்டர்கள். இந்தியாவில கூட. இந்தக் கறை வந்த கொஞ்சப் பேருக்குக் கசம் மருந்தும் குடுத்துப் பார்த்தாங்க. கனபேருக்குத் திரும்ப வரேல்ல."

"அப்ப கிருமி கண்ணுக்குள்ளதான் இருக்கு."

"அதையும் நிச்சயமாச் சொல்ல ஏலாது. உயிரோட கிருமி இருக்கா, இல்லாட்டி வேற இடத்தில இருக்கிற கிருமியோட உங்கட உடம்பு கோவிச்சுக் கண்ணை அடிக்குதா, இன்னும் சண்டை பிடிக்கிறாங்க. இப்ப கன நாட்டு டொக்டர்கள் சேர்ந்து, கறை இப்பிடி இருந்தா, சோதனை இப்பிடி வந்தா, மருந்து தொடங்கலாம் எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறாங்க. ஒத்துக்கொண்டது. கண்டுபிடிச்சது இல்ல."

இந்த வசனம் என்னைச் சுட்டுது. என்ர நடு இடம் அரிசி மணி இடைவெளியில நிக்குது, படிச்சவை ஒத்துக்கொண்டிருக்கினமாம்! ஆனால் ஒண்டு சொல்ல வேணும். தெரியாததைத் தெரியாது எண்டு அவ என்ர முகத்துக்கு நேர சொன்னா. எனக்கு அதுக்கு ரெண்டு மாசம் எடுத்தது.

மருந்து தொடங்கிச்சுது. காலமை காலமை நெஞ்சு நோய்க் கிளினிக்குக்குப் போய், அங்க இருக்கிறவருக்கு முன்னால வைச்சு நாலு விதக் குளிசையையும் விழுங்க வேணும். கூடவே ஸ்டீரொயிட். மொத்தம் ஒன்பது மாசம். முதல் ரெண்டு மாசம் குடுக்கிற ஒரு குளிசை இருக்கு, அது ஆயிரத்தில ஒருத்தருக்கோ என்னவோ, கண் நரம்பையே கெடுக்குமாம். ஐயோ, கண்ணைக் காப்பாத்துற மருந்து கண்ணைக் கெடுக்குமோ எண்டு நான் கத்திப்போட்டன். அப்பிடிக் கெடுத்தால் முதல்ல போறது சிவப்பும் பச்சையும்தானாம். அதால நிறம் பார்க்கிற புள்ளிப் புத்தகத்தை அடிக்கடி வாசிக்க வேணும். புள்ளிகளுக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கிற புத்தகம். டொக்டர் அதை எடுத்து விரிச்சா. நான் தலையைக் குனிஞ்சன்.

"என்ன?"

"அதுவும் எங்கட கடையில இருக்கு டொக்டர். பாடம்."

அவ புத்தகத்தை மூடிப்போட்டு வாய்விட்டுச் சிரிச்சா. பேந்து என்ர மனுசனைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேலை?" எண்டா.

அப்பிடித்தான் மிதவை பார்க்கிற பழக்கம் வந்தது. குளிசை விழுங்கின கையோட மோட்டச்சைக்கிளில உட்துறைமுக வீதிக்குப் போவம். கப்பல் வாற வழியைக் காட்ட அங்க தண்ணியில சிவப்பு மிதவையும் பச்சை மிதவையும் நிக்கும். எனக்குக் கடலும் கப்பல் வழியும் ஒண்டும் தெரியாது. எது எங்க நிக்குதெண்டு அவருக்குத்தான் பாடம். ஒவ்வொரு நாளும் வேற வேற இடத்தில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி, "இடப்பக்கத்தில நிக்கிறது என்ன நிறம்?" எண்டு கேப்பார். "சிவப்பு." "அதுக்கு அங்கால?" "பச்சை." சில நாள் வெயில் பட்டுச் சிவப்பு மங்கினால் கையால வெயிலை மறைச்சுத் திரும்பப் பார்ப்பன். நான் சரியாச் சொன்னாப் பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

குளிசையில ஒண்டு மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும் எண்டு முதலே சொன்னவை. கண்ணீரும் நிறம் மாறும் எண்டு எனக்குத் தெரியாது. ஒருநாள் தலைகாணி உறையில செம்மஞ்சள் கறை இருக்கிறதை அவர் கண்டிட்டார். "அழுதனீரோ?" எண்டார். "இல்லையே." "அப்ப தலைகாணிக்கும் குளிசை குடுக்கிறாங்களோ?" நாசமாப் போன மருந்து, அழுததைக்கூட ஒளிக்க விடேல்லை.

வீட்டில பார்வையைப் பார்க்கப் பலகைதான் இல்லை. இருந்திருந்தாலும் ரெண்டு தரம் வாசிச்சால் எனக்குப் பாடமாயிடும். அதுக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒவ்வொரு ஞாயிறும் கிழிச்ச கலண்டர் தாளின்ர பின்பக்கத்தில, கறுப்பு மார்க்கர் பேனையால, தன்ர கோணல் எழுத்தில புதுப் பலகை எழுதுவார். நான் பார்க்காமல் குசினிக்குள்ள இருந்து எழுதுவார். விறாந்தைச் சுவரில ஒட்டி, மற்றச் சுவரில என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டுவார். முதல் கிழமை வலது கண்ணால அஞ்சாம் வரி. மூண்டாம் கிழமை ஆறாம் வரி. அஞ்சாம் கிழமை கடைசி வரியே தெரிஞ்சுது! மகளுக்குப் போன் எடுத்துக் கத்தினன். அவரும் பக்கத்தில நிண்டு தலையை ஆட்டினார்.

ஆறாம் கிழமை கிளினிக். ஃபஸீலா கவர்ப்படத்தைப் போட்டா. நாலாம் வரியோட நிண்டிட்டன். போன முறையைவிட ஒரு வரி குறைவு. படம் எடுத்துப் பார்த்த டொக்டரின்ர முகம் மாறிச்சுது. வலது கண்ணில கறை நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. அரிசி மணி இடைவெளி உடைஞ்ச குறுணி அளவாப் போச்சு.

"மருந்து வேலை செய்யேல்லையோ?"

"வேலை செய்யுறதாலயும் இப்பிடி வரலாம். செத்த கிருமியோட உடம்பு இன்னும் கோவிக்கும். இல்லாட்டி நான் நினைச்சது பிழையாவும் இருக்கலாம். வார்ட்டில வாங்க, மூண்டு நாள் ஸ்டீரொயிட் நரம்பால ஏத்துவம்."

பை கட்ட வீட்டை வந்தம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வீட்டில கடைசி வரி தெரிஞ்ச கண், அங்க எப்பிடி நாலாம் வரியில நிக்கும்? அலுமாரியில அவர் மடிச்சு வைச்சிருந்த கலண்டர் தாள்களை எடுத்தன். கடையில எழுத்தின்ர உயரத்தை அளந்தே பழகின கை. அடிமட்டத்தை வைச்சன். முதல் கிழமைக் கடைசி வரி ஒன்பது மில்லிமீற்றர். மூண்டாம் கிழமை பன்னிரெண்டு. அஞ்சாம் கிழமை பதினாறு.

அவர் சுடுதண்ணிப் போத்திலோட அறைக்குள்ள வந்தார். என்ர கையில அடிமட்டத்தைக் கண்டு அப்பிடியே நிண்டார்.

"என்னப்பா இது?"

அவர் போத்திலை மேசையில வைச்சார்.

"என்னப்பா இது எண்டு கேக்கிறன்! கண் போய்க்கொண்டிருக்கு, நீங்கள் எழுத்தைப் பெருப்பிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்! ஒரு மாசம் முந்தித் தெரிஞ்சிருந்தால் முந்தியே போயிருப்பமே! என்னைக் குருடியாக்கவோ பார்த்தீங்கள்?"

"ரெண்டாம் கிழமை நீர் நாலாம் வரியில நிண்டிட்டீர்" எண்டார். "அப்ப உம்மட கை நடுங்கினதை நான் பார்த்தன். நான் கப்பல் தள்ளுறவன். அதைத்தான் செய்யத் தெரியும். உம்மட பயத்தை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை." சொல்லிப்போட்டுக் கட்டிலில இருந்து அழத் தொடங்கிட்டார். முப்பது வருஷம் கடலில நிண்ட மனுசன்.

எனக்கு ஏச வாய் வரேல்லை. நான் செய்ததைத்தானே அவரும் செய்தார்! நான் எனக்குச் செய்தன், அவர் எனக்காகச் செய்தார். ரெண்டு பொய்யரும் பக்கத்தில பக்கத்தில இருந்து அழுதம். என்ர பக்கத்துக் கட்டில் விரிப்பு மட்டும் செம்மஞ்சளாப் போச்சுது. கடைசியில நான் அடிமட்டத்தை அவரின்ர கையில குடுத்தன். "இனி ஒன்பது. ஒன்பதுக்கு மேல ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் இந்த வீட்டில சோறில்லை" எண்டன்.

வார்ட்டில மூண்டு நாள். கையில ஊசி, தலைமாட்டில தொங்குற போத்தில், வாயெல்லாம் இரும்புக் கசப்பு. ரத்தத்தில சீனி ஏறுதோ எண்டு விரலில குத்திக் குத்திப் பார்த்தினம். பக்கத்துக் கட்டிலில கற்றறாக்ட் எண்ட கண்புரை வெட்டின ஒரு அம்மா, கப்பல்துறையில இருந்து வந்தவ, நாலு மணித்தியாலத்தில பட்டையை அவிழ்த்து "ஐயோ உலகம் எவ்வளவு வெளிச்சம்!" எண்டு கத்தினா. எனக்குச் சந்தோசமாவும் இருந்தது, சரியான எரிச்சலாவும் இருந்தது. யன்னலுக்கு வெளியில முற்றத்தில, டவுனுக்குள்ள திரியிற மான்கள் வந்து நிண்டு குப்பை கிளறும். நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு யன்னல் கம்பியை எண்ணுவன். பதினாலு. ஒரு மணித்தியாலம் போக இன்னொருக்கா எண்ணுவன். எண்ணிக்கை தெரிஞ்ச பிறகு அதுவும் பாடமெண்டு உறைச்சுது. பேந்து மான்களை எண்ணினன். அதுகள் ஒரு இடத்தில நிக்காதுகள். அதுதான் நல்லது.

நாலாம் நாள் படம் எடுத்தினம். கறை நிண்டிருந்தது. குறையேல்லை, ஆனால் நகரேல்லை. "நிண்டது போதும் இப்ப" எண்டா டொக்டர். குறுணியளவு இடைவெளியோட வீட்டை வந்தன்.

அதுக்குப் பிறகு வந்த மாசங்களில பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. முகம் ஊதிச்சுது. மூட்டுகள் நொந்துது. கண் நரம்பைக் கெடுக்கிற அந்தக் குளிசையை ரெண்டு மாசத்தோட நிப்பாட்டினம். மிதவை பார்க்கப் போறதை நாங்கள் நிப்பாட்டேல்லை. ஞாயிறுப் பலகையில ஒன்பது மில்லிமீற்றர் வரியைப் பார்த்து, "தெரியேல்லை" எண்டு சொல்லுவன். "சரி" எண்டு சொல்லித் தாளைக் கழட்டுவார். ஆறுதல் ஒண்டும் சொல்ல மாட்டார். கடைசி மாசங்களில அந்த வரியில ரெண்டு எழுத்து, மூண்டு எழுத்து எண்டு வந்துது. ஆனால் அவரின்ர அடிமட்டத்தை நம்பினாலும் என்ர கண்ணை நான் நம்பேல்லை. ஒருக்கா ஏமாத்தின வாய் திரும்ப ஏமாத்தாதெண்டு என்ன நிச்சயம்?

ஒன்பது மாசக் குளிசையும் முடிஞ்சு ஆறு கிழமையால கடைசிச் சோதனை. மருந்து இல்லாமல் கறை நிக்குதோ, திரும்ப ஊருதோ எண்டு அண்டைக்குத்தான் தெரியும். ஃபஸீலா பிள்ளைப்பேறு லீவில. கவர்ப்பட முகப்பு உடைஞ்சு போச்சாம். லைட் பெட்டியில எங்கட கடைப் பலகை. மேல பெரிய 'ப'. டொக்டர் தானே பார்க்க வந்து இருந்தா.

முதல் இடது கண். கண்ணைக் கொஞ்சம் பக்கத்துக்குத் திருப்பினால் மூண்டு வரி தெரிஞ்சுது. நாலாம் வரி வந்ததும் எழுத்தெல்லாம் என்ர நாக்கு நுனியில வந்து நிண்டுது. வாயைத் திறந்தால் விழுந்திடும். பல்லைக் கடிச்சன்.

"தெரியேல்லை, டொக்டர்."

"போன வருஷம் இந்த வரியை வாசிச்சீங்க."

"ஓம். அது பொய்."

அவ எழுதினா. எழுதினதை நான் பார்த்துக்கொண்டு இருந்தன். ஒண்டும் இடிஞ்சு விழேல்லை.

பேந்து வலது கண். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அஞ்சு. ஆறு. கடைசி வரி: ய, ட, ல, ம, ங, ப, ர, க. வாசிச்சு முடிச்சன். டொக்டர் பேனையைத் தூக்கினவ, எழுதாமல் என்னைப் பார்த்தா. எனக்கும் விளங்கிச்சுது. அந்த வரியை வாசிச்சது கண்ணோ வாயோ? சத்தியமா எனக்கே தெரியேல்லை. கறுப்பா எட்டு எழுத்து அங்க நிக்கிறது எனக்குத் தெரியுற மாதிரித்தான் இருந்தது. ஆனால் அண்டைக்குக் கடையிலயும் அப்பிடித்தானே இருந்தது! கண்ணைப் பொத்தின மட்டையை இறுக்கிப் பிடிச்சன்.

திரும்ப அந்த வரியைப் பார்த்தன். கடைசி 'க'வுக்கு மேல என்னவோ இருந்தது. இருபத்திரெண்டு வருஷத்தில அந்தப் பலகையில நான் காணாத ஒண்டு. அசைஞ்சுது.

"டொக்டர், கடைசி எழுத்துக்கு மேல எறும்பு ஒண்டு போகுது."

அவ எழும்பி, தன்ர கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகைக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சா. 

"எங்க? 'க'வில ஒண்டும் இல்லையே?"

"இப்ப 'ர'வுக்குப் போயிட்டுது" எண்டன். "கீழ இறங்குது. இந்தா, 'ப'வின்ர காலடியில நிக்குது."

"ஆ" எண்டா டொக்டர். "இருக்கு."

எனக்கு அழுகை வந்திட்டுது. வாசலில நிண்ட என்ர மனுசன் ஓடிவந்து கைலேஞ்சியை நீட்டினார். முகத்தைத் துடைச்சுப்போட்டு விரிச்சுப் பார்த்தன். வெள்ளையாத்தான் இருந்தது.